நிலம் நகர்வதற்குக் காரணம் சொன்னவர்: விஞ்ஞானி ஆர்தர் ஹோம்ஸ் வாழ்க்கை

பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஒரு ஜி.பி.எஸ். நிலையம் இருக்கிறது. வானில் சுற்றும் செயற்கைக் கோள்களின் சைகைகளைப் பெற்று, தான் நிற்கும் இடத்தை மிக நுணுக்கமாக அளந்துகொண்டே இருப்பது அதன் வேலை. அந்த அளவுகளை ஆண்டுக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெரிகிறது. அந்த நிலையம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடகிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பெங்களூரும், மும்பையும், சென்னையும், நாம் விட்டு வந்த ஊரும், பிழைக்க வந்து சேர்ந்த ஊரும் எல்லாமே அதோடு சேர்ந்து நகருகின்றன.

இவ்வளவு பெரிய நிலப்பரப்பைத் தூக்கிச் செல்லும் சக்தி எது? இந்தக் கேள்விக்கு 1928-ம் ஆண்டிலேயே விடை சொன்னவர் ஆர்தர் ஹோம்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. அவர் சொன்னபோது உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது.

ஹோம்சின் வாழ்க்கை ஆராய்ச்சிக் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் நடந்து முடிந்த வாழ்க்கை அல்ல. கடனை அடைக்க ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். குடும்பத்தைக் காப்பாற்ற பர்மாவுக்குப் போனவர். அங்கே பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பியவர். கடை வைத்துப் பிழைத்தவர். அந்தக் கதையைப் பார்ப்போம்.

எளிய குடும்பம்

1890-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி, இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் நதிக்கரையில் உள்ள ஹெபர்ன் என்ற ஊரில் ஹோம்ஸ் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் நிறைந்த வட்டாரம் அது. வசதியான குடும்பம் இல்லை. தாயார் பள்ளி ஆசிரியை. கேட்ஸ்ஹெட் நகரில் பையன் படித்து வளர்ந்தான்.

வீட்டில் பைபிள் வாசிப்பது வழக்கம். அந்தக் காலத்துப் பைபிள்களில், உலகம் கி.மு. 4004-ம் ஆண்டில் படைக்கப்பட்டது என்று பக்க ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் பையனின் மனத்தில் தங்கிவிட்டது. 4000 என்று முழு எண்ணாக இல்லாமல், கூட ஒரு 4 எங்கிருந்து வந்தது என்று அவன் யோசித்தான். பூமியின் வயதை எப்படிக் கணக்கிட முடியும் என்ற ஆவல் அங்கேதான் தொடங்கியது என்று பிற்காலத்தில் அவரே நினைவு கூர்ந்திருக்கிறார்.

பள்ளியில் நல்ல ஆசிரியர் வாய்த்தார். கெல்வின் பிரபு என்ற புகழ் பெற்ற விஞ்ஞானியின் கட்டுரைகளைப் பையனுக்கு அறிமுகப்படுத்தினார். கெல்வின் பூமியை, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சூடான பாத்திரம் போல் நினைத்தவர். தொடக்கத்தில் உருகிக் கிடந்த பூமி, இன்றைய அளவுக்கு ஆற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டார். 1862-ல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் வரை என்று சொன்னார். 1897-ல் அதை 2 கோடி முதல் 4 கோடி என்று குறைத்துவிட்டார். பாறைகளைப் பார்த்துப் பழகிய நிலவியலாருக்கு அந்தக் காலம் போதவில்லை. ஆனாலும் கெல்வினின் கணக்கை எதிர்த்துப் பேசப் பலருக்குத் துணிவு இல்லை.

1903-ல் நிலைமை மாறியது. ரேடியம் என்ற பொருள் தானாகவே ஓயாமல் வெப்பத்தை வெளியிடுகிறது என்று பாரிசில் பியேர் கியூரியும் அவருடைய உதவியாளரும் கண்டுபிடித்தார்கள். 1906-ல் ஆர்.ஜே. ஸ்ட்ரட் என்ற விஞ்ஞானி, சாதாரணப் பாறைகளில் கூட மிகச் சிறிய அளவில் ரேடியம் இருப்பதை அளந்து காட்டினார். அப்படியானால் பூமி வெறுமனே ஆறிக்கொண்டிருக்கும் பாத்திரம் அல்ல. அடியில் தணல் இன்னும் இருக்கிறது. கெல்வின் போட்ட கணக்கின் அடிப்படையே ஆட்டம் கண்டது.

பாறைக்குள் ஒரு கடிகாரம்

1907-ம் ஆண்டு, 17 வயதில், உபகாரச் சம்பளம் பெற்று ஹோம்ஸ் லண்டனுக்குப் போனார். இம்பீரியல் கல்லூரியோடு இணைந்த ராயல் விஞ்ஞானக் கல்லூரியில் பௌதிகம் படித்தார். பிறகு நிலவியலில் மனம் சென்றது. ஸ்ட்ரட்டிடமே மாணவராகச் சேர்ந்தார்.

யுரேனியம் என்ற தனிமம் காலப் போக்கில் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாக மாறுகிறது. இந்த மாற்றம் ஒரே வேகத்தில் நடக்கும். வெயிலோ குளிரோ அழுத்தமோ அதை மாற்ற முடியாது. ஒரு பாறையில் எவ்வளவு யுரேனியம் மிச்சம் இருக்கிறது, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தப் பாறை உண்டாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று சொல்லிவிடலாம். எரிந்து தீர்ந்த எண்ணெயையும் மிச்சம் உள்ள எண்ணெயையும் பார்த்து விளக்கு எத்தனை நாழிகை எரிந்தது என்று சொல்வதைப் போன்றது இது. அமெரிக்காவில் போல்ட்வுட் என்பவர் 1907-ல் இந்த முறையைத் தொடங்கி வைத்து, பிறகு விட்டுவிட்டார். ஹோம்ஸ் அதைத் தொடர்ந்தார்.

நார்வே நாட்டுப் பாறை ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். பொடித்து, கரைத்து, வடிகட்டி, நிறுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் மிகக் கவனமாகச் செய்தார். கிடைத்த வயது 37 கோடி ஆண்டுகள். பூமி முழுவதற்கும் கெல்வின் கொடுத்த கடைசிக் கணக்கை விட, இந்த ஒரு பாறையின் வயதே ஒன்பது மடங்குக்கு மேல் இருந்தது. அப்போது ஹோம்சுக்கு 21 வயது நிறைந்த சமயம்.

சம்பளத்துக்காக ஆப்பிரிக்கா

இந்த முடிவு 1911-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டபோது ஹோம்ஸ் அங்கே இல்லை. ஆண்டுக்கு 60 பவுன் உபகாரச் சம்பளத்தில் லண்டனில் காலம் தள்ளியதில் கடன் ஏறிவிட்டது. மொசாம்பிக்கில் கனிமம் தேடும் வேலை ஒன்று வந்தது. சம்பளம் மாதம் 35 பவுன். ஓர் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் கிடைக்கும் என்றால் யார்தான் விடுவார்கள்? அவர் புறப்பட்டுவிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரையைச் சபையில் படிக்கும் பொறுப்பு ஸ்ட்ரட்டுக்கு வந்தது.

ஆறு மாதம் காடு மேடெல்லாம் அலைந்தும் கம்பெனி எதிர்பார்த்த கனிமம் கிடைக்கவில்லை. மலேரியாதான் கிடைத்தது. காய்ச்சல் முற்றி, அவர் இறந்துவிட்டார் என்றே ஊருக்குச் செய்தி போனது. நல்ல வேளையாகப் பிழைத்து எழுந்து, கப்பல் ஏறி வீடு வந்து சேர்ந்தார். அந்தக் காய்ச்சல் பிறகும் அவரை விடாமல் துரத்தியது. முதல் உலகப் போர் வந்தபோது ராணுவத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டதற்கும் அதுவே காரணம்.

1912-ல் இம்பீரியல் கல்லூரியில் ஒரு சிறிய உத்தியோகம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 23 வயதில், பூமியின் வயதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மிகப் பழைய பாறைகள் 160 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அதில் காட்டினார். 1914-ல் மார்கரெட் ஹோ என்ற பெண்மணியை மணந்துகொண்டார். 1917-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பர்மாவில் பட்ட துயரம்

பட்டமும் பெயரும் வந்தன, சம்பளம் வரவில்லை. மனைவி, குழந்தை என்று குடும்பம் ஆகிவிட்டது. 1920-ல் பர்மாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் தலைமை நிலவியலாளர் வேலை கிடைத்தது. அந்த நாளில் தமிழர்களும் தெலுங்கர்களும் வங்காளிகளுமாக லட்சக்கணக்கான இந்தியர்கள் பிழைப்புத் தேடி பர்மாவில் இருந்தார்கள். அதே நாட்டுக்கு அதே பிழைப்பைத் தேடி இந்த விஞ்ஞானியும் குடும்பத்தோடு போனார்.

அந்தக் கம்பெனி நிலைக்கவில்லை. நொடித்துப் போயிற்று. அதை விடப் பெரிய அடி வீட்டுக்குள்ளேயே விழுந்தது. அவர்களுடைய மூன்று வயதுப் பையன் சீதபேதியில் இறந்தான். பணமும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் கணவனும் மனைவியும் இங்கிலாந்து திரும்பினார்கள்.

திரும்பி வந்தும் விஞ்ஞான உத்தியோகம் உடனே கிடைத்துவிடவில்லை. பூமியின் வயதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், நியூகாசில் நகரில் கீழ்த்திசை நாடுகளின் கலைப் பொருள்களை விற்கும் கடை வைத்துக் காலம் தள்ள வேண்டியதாயிற்று.

1924-ல் அதிர்ஷ்டம் திரும்பியது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையைப் புதிதாகத் தொடங்கினார்கள். அதற்குத் தலைவராக ஹோம்சை அழைத்தார்கள். பிறந்து வளர்ந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே நிலையான வேலை. அங்கே சுமார் 18 ஆண்டுகள் இருந்தார். அவருடைய மிகப் பெரிய கருத்து உருவானதும் அங்கேதான்.

வேகனரின் கண்டங்கள்

அந்த நாளில் விஞ்ஞானிகளிடையே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பிரட் வேகனர் 1912-ல் ஒரு கருத்தை வெளியிட்டு, 1915-ல் அதைப் புத்தகமாக எழுதினார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் கிழித்த காகிதத்தின் இரண்டு துண்டுகளைப் போல் பொருந்துகின்றன. ஒரே வகைப் பாறைகளும், ஒரே வகைப் பழைய பிராணிகளின் எலும்புகளும் கடலின் இரு கரையிலும் கிடைக்கின்றன. எனவே கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, பிறகு பிரிந்து நகர்ந்தன என்பது அவர் கட்சி.

எதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே கேள்வியில் மடக்கினார்கள். கண்டங்களை நகர்த்துவது எது? வேகனர் சொன்ன காரணங்கள் வலுவாக இல்லை. பூமியின் சுழற்சி விசையையும், நிலவும் சூரியனும் இழுக்கும் இழுப்பையும் அவர் சொன்னார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹெரால்டு ஜெப்ரீஸ் கணக்குப் போட்டு, அந்த விசைகள் லட்சத்தில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது என்று காட்டிவிட்டார். கெட்டியான கடல் தரைப் பாறையை உழுதுகொண்டு கண்டங்கள் போக முடியாது என்றார்கள். 1926-ல் நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் பெரும்பாலானோர் வேகனருக்கு எதிராகவே பேசினார்கள்.

வேகனரின் சான்றுகளை ஹோம்ஸ் ஒதுக்கித் தள்ளவில்லை. காரணம் தெரியவில்லை என்பதற்காகக் கண்ணுக்குத் தெரியும் சான்று பொய்யாகிவிடாது என்று நினைத்தார். காரணத்தைத் தேடத் தொடங்கினார். பூமிக்குள் இருக்கும் வெப்பத்தைப் பற்றி 20 ஆண்டுகளாக யோசித்து வந்தவருக்கு அது எட்டாத தூரத்தில் இல்லை.

கொதிக்கும் கஞ்சியும் பூமியின் உள்ளும்

பூமியின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்வோம். நாம் நிற்கும் மேலோடு கண்டங்களின் அடியில் 30 அல்லது 40 கி.மீ. தடிமன்தான். அதன் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கனத்த பாறைப் பகுதியைக் கவசம் என்கிறார்கள். அதற்கும் உள்ளே, 6,370 கி.மீ. ஆழத்தில் உள்ள மையம் வரை, இரும்பு நிறைந்த கரு இருக்கிறது.

பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகின்றன. பூமியின் மேற்பரப்பு வழியே வெளியேறும் வெப்பம் எவ்வளவு என்று ஹோம்ஸ் கணக்கிட்டார். மேலோட்டில் உண்டாகும் வெப்பமே அந்தச் செலவில் பெரும் பங்கை ஈடுகட்டிவிடும். அப்படியானால் அதற்குக் கீழே உண்டாகும் வெப்பம் எங்கே போகிறது? பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. எரிமலைகள் வெளியேற்றுவதோ கொஞ்சம்தான். வரவு இருக்கிறது; செலவுக்குக் கணக்கு இல்லை. உள்ளே இருக்கும் பொருளே நகர்ந்து மேலே வந்து வெப்பத்தை இறக்கிவிட்டுப் போனால்தான் கணக்கு நேராகும் என்பது அவர் கண்ட முடிவு.

அடுப்பில் கஞ்சி கொதிப்பதைப் பார்த்திருப்போம். அடியில் சூடான கஞ்சி லேசாகி மேலே வருகிறது. மேலே வந்து பக்கவாட்டில் பரவுகிறது. ஆறியதும் கனத்து, ஓரமாகக் கீழே இறங்குகிறது. மேலே படிந்த ஆடையை அது ஒரு பக்கம் இழுத்துச் செல்லும். ஓரத்தில் ஆடை சுருங்கி மடியும். இதற்கு வெப்பச் சலனம் என்று பெயர். பூமியின் உள்ளே இதுவே மிக மிக மெதுவாக நடக்கிறது என்றார் ஹோம்ஸ்.

பாறை கெட்டியான பொருள் ஆயிற்றே, அது எப்படிக் கஞ்சி போல் ஓடும் என்று கேட்கலாம். சாலை போடும் தாரைப் பாருங்கள். குளிர்ந்து கிடக்கும் தார்க் கட்டியைச் சுத்தியால் அடித்தால் உடையும். அதையே சும்மா விட்டு வைத்தால் நாளடைவில் தானாகச் சரிந்து பரவும். அவசரப்பட்டால் கெட்டி, பொறுத்திருந்தால் திரவம். உள்ளே கடும் சூட்டில் இருக்கும் பாறையும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் ஓடினால் போதும். அந்த வேகத்தில் பத்துக் கோடி ஆண்டுகளில் ஓர் அட்லாண்டிக் கடலையே திறந்துவிடலாம்.

கிளாஸ்கோவில் படித்த கட்டுரை

1928-ம் ஆண்டு ஜனவரி மாதம் கிளாஸ்கோ நகர நிலவியல் கழகத்தில் ஹோம்ஸ் இந்தக் கருத்தை விளக்கினார். 1931-ல் அது அச்சில் வந்தது. ஒரு கண்டத்தின் அடியில் வெப்ப ஓட்டம் மேலே எழுகிறது. இரு பக்கமும் பிரிந்து ஓடுகிறது. கண்டம் இரண்டாகப் பிளந்து விலகுகிறது. நடுவில் புதிய கடல் உண்டாகிறது. இரண்டு ஓட்டங்கள் எதிரெதிரே வந்து கீழே இறங்கும் இடத்தில் ஆழ்ந்த கடற்பள்ளமும், பக்கத்தில் மலைத் தொடரும் எழுகின்றன. அங்கே கீழே போகும் எரிமலைப் பாறை அழுத்தத்தில் இறுகி, முன்னிலும் கனமான பாறையாகி மூழ்குகிறது. இத்தனையையும் படம் போட்டுக் காட்டினார்.

கண்டம் தானாகக் கடல் தரையை உழுதுகொண்டு போக வேண்டியதில்லை. நகரும் மேடையில் வைத்த பெட்டியைப் போல் சவாரி செய்தால் போதும். ஜெப்ரீஸ் போட்ட முட்டுக்கட்டைக்கு இதுவே பதில்.

ஹோம்ஸ் இதை அடித்துப் பேசவில்லை. இது யூகம்தான் என்றும், தனிச் சான்றுகள் கிடைக்கும்வரை விஞ்ஞான உண்மை என்று கொள்ளக் கூடாது என்றும் அவரே எச்சரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

வேகனர் இந்தக் கட்டுரையை அச்சில் பார்க்கவில்லை. 1930 நவம்பரில், கிரீன்லாந்தின் பனிப் பாலைவனத்தில், உள்ளே சிக்கியிருந்த தம் தோழர்களுக்கு உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் இறந்தார்.

தொட்டிக்குள் ஒரு பூமி

கருத்து இருந்தால் போதுமா? அளந்து, மாதிரி செய்து பார்க்க வேண்டும் அல்லவா? சூடேற்றிய திரவம் எப்போது ஓடத் தொடங்கும் என்ற கணக்கை 1916-லேயே ரேலி பிரபு போட்டு வைத்திருந்தார். அவர் வேறு யாரும் இல்லை. ஹோம்சின் ஆசிரியர் ஸ்ட்ரட்டின் தந்தைதான். பொருளின் தடிமன், சூட்டின் வித்தியாசம், அதன் கெட்டித் தன்மை ஆகியவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக அவர் கணக்கிட்டார். அந்த எண் ஓர் அளவைத் தாண்டினால் ஓட்டம் தொடங்கிவிடும்.

பூமிக் கவசத்தின் கெட்டித் தன்மையை எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்காண்டிநேவிய நாடுகள் ஒரு காலத்தில் பெரும் பனிப் பாளத்தின் கீழ் அமிழ்ந்து கிடந்தன. பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் அங்கே நிலம் இன்னும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை எழும்பிக்கொண்டிருக்கிறது. அது எழும்பும் வேகத்தை வைத்து 1935-ல் ஹாஸ்கெல் என்பவர் கவசத்தின் கெட்டித் தன்மையைக் கணக்கிட்டார். அந்த எண்ணை ரேலியின் கணக்கில் போட்டால், ஓட்டம் தொடங்கத் தேவையான அளவை அது பல மடங்கு தாண்டி நிற்கிறது.

1939-ல் அமெரிக்காவில் டேவிட் கிரிக்ஸ் ஒரு தொட்டியில் கெட்டித் திரவத்தை நிரப்பி, உள்ளே உருளைகளைச் சுழலவிட்டு, மேலே மெல்லிய படலம் ஒன்றைப் பரப்பிப் பார்த்தார். ஓட்டங்கள் கீழே இறங்கும் இடத்தில் படலம் மடிந்து தடித்தது. மலை எப்படி உண்டாகிறது என்பதைக் கண்ணால் காணும்படி செய்த மாதிரி அது.

போர்க்காலப் புத்தகம்

1938-ல் மனைவி மார்கரெட் இறந்தார். அடுத்த ஆண்டு, தம்மோடு பணியாற்றிய நிலவியல் அறிஞர் டோரிஸ் ரேனால்ட்சை ஹோம்ஸ் மணந்துகொண்டார். 1942-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1943-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியரானார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைக்க இரவில் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவல் இரவுகளில் ஹோம்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். பௌதிக நிலவியலின் தத்துவங்களைச் சொல்லும் அந்த நூல் 1944-ல் வெளிவந்து பல முறை மறுபதிப்பு ஆயிற்று. அதன் கடைசி அத்தியாயத்தில் கண்டங்கள் நகர்வதையும், உள்ளே நடக்கும் வெப்பச் சலனத்தையும் துணிந்து எழுதினார். கண்டங்கள் நகர்வதைப் பற்றிப் பேசினாலே சிரித்த காலத்தில், பல நாட்டு மாணவர்கள் அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் அந்தக் கருத்தைக் கேள்விப்பட்டார்கள்.

பூமியின் வயதையும் அவர் மறந்துவிடவில்லை. பல வகை ஈயங்களின் அளவுகளை வைத்து, கணக்கு இயந்திரம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விடைகளைக் கணக்கிட்டு, 1946-ல் பூமிக்கு 300 கோடி வயது என்றும், 1947-ல் 335 கோடி என்றும் சொன்னார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கைப்பிடியைச் சுற்றிப் பேரேடு எழுதுவது போன்ற வேலை அது. 1956-ல் அமெரிக்காவின் கிளேர் பேட்டர்சன், விண்கற்களை ஆராய்ந்து 455 கோடி என்ற எண்ணை வெளியிட்டார். இன்றும் கிட்டத்தட்ட அதே எண்தான் நிற்கிறது.

நம் நாட்டுப் பாறைகளையும் ஹோம்ஸ் விடவில்லை. தென்னிந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் உள்ள மிகப் பழைய பாறைகளின் வயதைப் பற்றி 1955-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். கோலார் தங்க வயலில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடைந்த பாறை சுமார் 270 கோடி ஆண்டுப் பழமை உடையது என்று இப்போது தெரிகிறது. அந்தக் கணக்குக்கெல்லாம் அடிப்படை, ஹோம்ஸ் மாணவப் பருவத்தில் சீர் செய்த அதே யுரேனியக் கடிகாரம்தான்.

காலம் கொடுத்த தீர்ப்பு

போருக்குப் பிறகு கடலின் அடியை அளக்கத் தொடங்கினார்கள். கடல்களின் நடுவே நீண்ட மலைத் தொடர்கள் ஓடுவது தெரிந்தது. 1962-ல் அமெரிக்காவின் ஹாரி ஹெஸ், அந்தத் தொடர்களில் புதிய கடல் தரை உண்டாகி இரு பக்கமும் விலகுகிறது என்று எழுதினார். 1963-ல் பிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூசும், கடல் தரையில் உள்ள காந்தக் கோடுகள் அதற்குச் சாட்சி என்று காட்டினார்கள். 1967, 1968-ம் ஆண்டுகளில் பாறைத் தட்டுக் கொள்கை முழு உருவம் பெற்றது.

ஹோம்ஸ் சொன்னது அப்படியே சரியாகிவிடவில்லை. கடல் தரை பல இடங்களிலும் நீண்டு விரிகிறது என்று அவர் நினைத்தார். அது நடுத் தொடர்களில்தான் புதிதாக உண்டாகிறது என்பது பிறகு தெரிந்தது. கீழே உள்ள ஓட்டம் கண்டத்தைச் சுமந்து செல்கிறது என்றார். தட்டின் குளிர்ந்து கனத்த ஓரம் கீழே மூழ்கும்போது மீதித் தட்டையும் சேர்த்து இழுக்கிறது, அந்த இழுப்பே பெரிய விசை என்று இன்றைய விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். ஆனால் கனத்த பாறை மூழ்குவதையும் அவர் 1931-லேயே எழுதிவைத்திருக்கிறார். உள்ளே வெப்பம், அதனால் ஓட்டம், அதனால் நகர்ச்சி என்ற அஸ்திவாரம் அவருடையது.

தொட்டியில் செய்ததை இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். 1974-ல் கேம்பிரிட்ஜில் டான் மெக்கன்சியும் அவருடைய கூட்டாளிகளும் இந்த வழியில் முக்கியமான அடி எடுத்து வைத்தார்கள். பூமியின் உள்ளைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சூடு எவ்வளவு, ஓட்டம் எந்தத் திசை என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. பூகம்ப அலைகளை வைத்து உள்ளே படம் பிடித்ததில், மூழ்கிய பழைய கடல் தரைகள் கவசத்தின் அடிவரை இறங்கிக் கிடப்பதும் தெரிந்திருக்கிறது.

இதே கணக்கை மற்றக் கிரகங்களுக்கும் போடுகிறார்கள். செவ்வாய்க் கிரகத்தின் மேலோடு ஒரே மூடியாக இறுகிக் கிடக்கிறது. வெள்ளி கிரகம் ஏறத்தாழ பூமி அளவே உள்ளது. ஆனாலும் அங்கே பூமியைப் போல் நகரும் தட்டுகளின் வரிசை இன்று இல்லை. சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்பப் பாறையின் கெட்டித் தன்மை மிகவும் மாறுவதால், கணக்கில் பெரும்பாலும் இறுகிய மூடிதான் விடையாக வருகிறது. மூடி துண்டு துண்டாக உடைந்து நகருவது பூமிக்கு வாய்த்த தனித் தன்மை. அதற்குத் தண்ணீர் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

கடைசி நாட்கள்

1956-ல் ஹோம்ஸ் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் லண்டன் நிலவியல் கழகத்தின் வொலாஸ்டன் பதக்கமும், அமெரிக்க நிலவியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கமும் கிடைத்தன. 1964-ல் வெட்லசன் பரிசு வந்தது. தள்ளாத வயதிலும் தம் பழைய புத்தகத்தை எடுத்து, புதிய கண்டுபிடிப்புகளை எல்லாம் சேர்த்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் திருத்தி எழுதினார். அது 1965-ல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20-ந்தேதி, 75-வது வயதில், லண்டனில் காலமானார்.

பாறைத் தட்டுக் கொள்கை முழு வெற்றி பெற்றதைப் பார்க்க இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் அவர் இருந்திருக்க வேண்டும். ஆனால் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் பெயரால் ஐரோப்பிய நிலவியல் அறிஞர்கள் ஒரு பதக்கம் வழங்குகிறார்கள். செவ்வாய்க் கிரகத்தில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

21 வயதில் இறந்ததாக ஊருக்குச் செய்தி போன மனிதர் அவர். பிழைத்து எழுந்தார், பர்மாவில் எல்லாம் இழந்தார், கடை வைத்தார், மறுபடியும் தம் வேலைக்கே வந்தார். அதற்குப் பிறகுதான் கண்டங்கள் நகரும் காரணத்தைச் சொன்னார். சொன்னதை யாரும் ஏற்காதபோதும் கோபித்துக்கொள்ளாமல், பாடப் புத்தகத்தில் எழுதி வைத்து, அடுத்த தலைமுறையிடம் விட்டுவிட்டுப் போனார்.